ஆறாவது அயிட்டம்

நீதிபதி விடுப்பு.
வாய்தா இருபத்தேழாம் தேதிக்கு.
பதினொன்று பத்துக்கெல்லாம்
கையில் முழுசாக ஒரு நாள் மிஞ்சிவிட்டது.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவை மூன்று சுற்று சுற்றினாள் கோகிலவாணி.
நான்காவது சுற்றில்
வீட்டுச் சாலையை விட்டுவிட்டு
மலைப் பக்கமாக ஒடித்தாள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
என் மடியில் அவளுடைய வழக்குக் கட்டு,
அதன் மேல் புளிசாத டப்பா.
கோர்ட்டுக்கென்று உடுத்திய கஞ்சிப் புடவையில்
அவள் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும்
காகிதம் கிழிகிற சத்தம்.

அடிவாரச் செக்போஸ்ட்டில்
எங்கே போறீங்க என்றார் காவலர்.
தெரியலையே என்றாள்.
சுற்றுலா என்று எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வளைவில் ரேடியேட்டர் கொதித்தது.
ஆறட்டும் என்று நின்றோம்.
காத்திருப்பு எங்களுக்குப் புதிதா,
மூன்று வருடமாக அதுதானே வேலை.
சாக்கடை ஓரம் குனிந்து
எந்த லாரியினுடையதோ, உடைந்த இண்டிகேட்டர் ஓட்டை எடுத்து
புடவைத் தலைப்பில் துடைத்தாள்.
"இது கண்ணு."
"யாரோட கண்ணு?"
"இன்னும் வந்து சேரலை."

அப்புறம் வளைவுக்கு வளைவு நின்றோம்,
அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரரைத் தேடி.
ஒற்றைக் குழந்தைச் செருப்பு.
குரங்கு கடித்துப் போட்ட பவுடர் டப்பா மூடி.
ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வெள்ளியாய்
சவுக்கு மரத்தடியிலும் வந்து கிடந்த சில்வர் ஓக் இலைகள்.
பாக்சைட் கல் ஒன்று,
கையில் பிடித்தால் செம்மண் வியர்க்கும்.
எல்லாம் பின்சீட்டில்.
எதையும் நிற்க வைக்க முடியவில்லை.

பதினான்காம் வளைவில்தான் கிடைத்தது
அந்த வளைந்த இரும்புப் பட்டை.
நிறுத்திய இடத்திலிருந்து பத்தடி பின்னால்,
தார் மேல், தொட முடியாத சூட்டில்.
"யாரோ இப்பத்தான் தொலைச்சிருக்காங்க" என்றாள்
பாவப்பட்டு.
ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.

தடுப்புச் சுவர் மேல் கல், கல்லில் பட்டை,
பட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் எழுந்தது.
ஆளா, விளக்கா, என்னதான் இது
என்று நாங்கள் தள்ளி நின்று பார்க்கையில்
வளைவுக்கு மூச்சு வாங்கி நின்ற டவுன் பஸ்ஸின்
ஜன்னலில் ஒரு பொடியன்:
"அம்மா, கொக்கு!"

சரி, கொக்கு.

ஏரிக்கரையில் பஜ்ஜி தின்றோம்.
மஞ்சு இறங்கி, படகுகளை எண்ண முடியாமல் செய்தது.
திரும்ப வண்டியை எடுத்தால்
டிராக்டரைப் போல் அலறல்.
மெக்கானிக் பையன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு
"சைலன்சர் கிளாம்ப் காணோம்க்கா.
இப்படி வளைஞ்சு, பட்டையா இருக்கும்" என்று
கையாலேயே காட்டினான்.

நான் அவளைப் பார்க்கவில்லை.
அவளும்.
கட்டுக்கம்பி சுற்றி, எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

பதினான்காம் வளைவில் இறங்கினோம்.
கொக்கு நின்றது.
செருப்பை மட்டும் குரங்கு எடுத்துப் போயிருந்தது.
பட்டையை உருவினால் முதுகெலும்பு போகும்,
மொத்தமும் சரியும்.
நான் கட்டைப் பிரித்துப் படித்தேன்:
"ஆறாவது அயிட்டம். வெள்ளை நிற மாருதி கார் ஒன்று,
உதிரி பாகங்கள் உட்பட."

உட்பட என்று திரும்பச் சொன்னாள்.
இன்னொரு தரம் சொன்னாள்.
பிறகு சுவரில் சாய்ந்து
கஞ்சிப் புடவை கசங்கக் கசங்கச் சிரித்தாள்.
நாய் ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"எடுக்கலாமா?"
"அது பறவை வே. விடு."

இருட்டும்போது ஊருக்குள் வந்தோம்.
வழியெல்லாம் ஜன்னல்கள் திரும்பின,
டிராபிக் போலீஸ் கை ஓங்கியவர்
இரண்டு பெண்கள் என்று கண்டு பாதியில் இறக்கினார்.
அலறிக்கொண்டே போனது வண்டி.
பூட்டிக் கிடந்த கோர்ட்டைக் கடக்கும்போது மட்டும்
ஆக்சிலேட்டரை
இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.