முட்டை உருளாத இடம்

எங்கள் மாவட்டத்தில்
முட்டையை வைத்தால் உருளாத இடங்கள் மூன்று:
பள்ளியின் கூடைப்பந்துத் திடல்,
மாவட்ட அலுவலகத்தில் கார் நிறுத்துமிடம்,
போன குளிர்காலத்திலிருந்து
இந்தப் பாலம்.

மற்றதெல்லாம் சரிவு.
சோளம் சரிவில், கல்லறை சரிவில்.
சண்டைக்கு நின்றாலும்
ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே.
பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை குடித்துவிடும்.
ஆறு முந்நூறு மீட்டர் அடியில்;
கண்ணுக்குத் தெரியும், வாளிக்கு எட்டாது.

பாறைப் பிளவில் ஒரு கைப்பிடி மண்,
அதில் மரப்பு மிளகு.
காரம் கிடையாது;
நாக்கு மரத்துப்போகும், உதட்டில் மின்சாரம் ஓடும்.
முள்ளுக்குள் கைவிட்டுப் பறிக்க வேண்டும்.
ஒரு நாளைக்கு நான் பதினாறு கிலோ,
என் நாத்தனார் ஜின்துவோ இருபது.
பறித்ததற்கு ஒரே ஒரு முழு வெயில் தேவை.
கிடைத்தால் வாய் பிளந்து கறுப்பு விதையைத் துப்பும்,
தோல் பச்சையாகவே நிற்கும்: கிலோ எழுபது யுவான்.
கிடைக்காவிட்டால் கறுத்துவிடும்: முப்பது.
அதையும் சோங்சிங் வியாபாரி
முகம் சுளித்துத்தான் வாங்குவார்.

அந்த ஜூலையில் ஒன்பது நாள் மழை.
உலர்த்தும் கொட்டகைக்குப் போகும் பாதையை
மலை எடுத்துக்கொண்டது.
பத்தாம் நாள் வானம் வெளுத்தபோது
நாற்பது வீட்டு மூட்டைகளும்
உள்ளுக்குள் சூடாகத் தொடங்கியிருந்தன.
பழைய ஊரில் இப்போது யாரும் இல்லை.
அரசு தந்த ஆறாவது மாடியில் இருக்கிறோம்.
லிஃப்ட் பிடிக்கும், சுடுதண்ணீர் பிடிக்கும்.
பால்கனியில் நாலு கிலோதான் காயும்.
கூடைப்பந்துத் திடலை
பான் வீட்டார் விடியுமுன்னே பிடித்துவிட்டார்கள்.

பாலத்தின் முகப்பில் ஒரு தடுப்பு,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் காவலாளி ஃபூ தோங்லியாங்.
ஹெனான் சமவெளிக்காரர்.
பத்து மாதமாக எங்கள் மலையைப் பார்த்துத்
தலைசுற்றுகிறது என்பவர்.
"திறப்பு விழாவுக்கு இன்னும் பதினோரு நாள். அனுமதி இல்லை."
மூட்டையைப் பிரித்தேன்.
முழங்கை வரை கையை விட்டார்.
எடுக்கவில்லை கொஞ்ச நேரம்.
"எங்க ஊர்ல கோதுமைய ரோட்டுலதான் கொட்டுவோம்.
லாரிக்காரன் திட்டிக்கிட்டே சுத்திப் போவான்."
எழுந்தார். நாற்காலியை
இரண்டடி நகர்த்திப் போட்டு
ஆற்றைப் பார்க்க உட்கார்ந்தார்.

நாலு தடம், ஒன்றேகால் கிலோமீட்டர்,
முழுக்கப் பச்சை.
வெள்ளைக் கோடுகள் வரப்பாயின.
மேலே வெயில், அடியில் தார்.
மதியம் வெடிக்கத் தொடங்கியது:
யாரோ நகம் கடிப்பதுபோல் சின்னச் சத்தம்,
ஆயிரம் ஆயிரம் நகம்.

கணவர் வீடியோவில் வந்தார்.
வென்ஜோ. பெட்டிச் சக்கரம் செய்யும் ஆலை.
"எங்க நிக்கிற? ஏர்போர்ட்டா?"
கைபேசியைத் திருப்பிக் காட்டினேன்.
சிரிக்கவில்லை. "எவ்வளவு தேறும்?"
சொன்னேன்.
அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம்.
இரண்டு பேரும் பேசவில்லை.
ஆலைச் சங்குதான் பேசியது.

நாலு மணிக்கு மேற்பார்வையாளரின் வெள்ளைக் கார்.
ஃபூவுக்கு இருநூறு யுவான் அபராதம் எழுதினார்.
பிறகு ஜன்னல் வழியே இரண்டு கிலோ வாங்கினார்,
பேரம் பேசி.
வீட்டுக்கு ஐந்து யுவான் போட்டு
அபராதத்தை நாங்களே கட்டினோம்.
ஃபூ ஒரு மணியை வாயில் போட்டுப் பார்த்து
பத்து நிமிடம் ஊமையாக நடந்தார்.

விழாவுக்குக் கொடிகள் வந்தன, பலூன்கள் வந்தன.
கட்டணம் இருபத்திரண்டு யுவான்.
ஃபூ வேறு பாலத்துக்குப் போய்விட்டார்.

பேருந்தில் கடந்தோம், ஒரு நிமிடம்.
இணைப்பு இடைவெளிகளில் சக்கரம் டக், டக்.
துடைப்பத்துக்கு வராத விதைகள் அங்கேதான் இருக்கும்.
ஜின்துவோ விரல் மடக்கி எண்ணினாள்.
"இதோ, எட்டாவது, இதுதான் நம்ம" என்று
சொல்லி முடிப்பதற்குள்
சுரங்கம்.