மஞ்சள் கோடு

டெக்சர்கானாவில் ஒரு தெருதான் எல்லை.
இந்தப் பக்கம் ஆர்கன்சா, அந்தப் பக்கம் டெக்சாஸ்.
சிகரெட் எங்கே மலிவோ அங்கே நடந்துபோய் வாங்குவோம்,
கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

என் தம்பி ராய்ஸ்
மூடிக்கிடந்த பள்ளியில் உருவிய செம்புக் கம்பியை
வேனில் ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டினான்.
இரண்டு நிமிடம், ஒரு சிக்னல்.
சரக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல் என்பதால்
அந்த இரண்டு நிமிடம் வாஷிங்டனுக்குச் சொந்தமாகிவிட்டது.

இரண்டு காகிதங்கள் வந்தன.
ஆர்கன்சா மாநிலம் எதிர் ராய்ஸ் டீன் கல்பெப்பர்.
அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் அவனே.
ஐம்பது மாநிலமும் கப்பற்படையும் அணிவகுத்து நிற்க
எதிரே
நாயைக் கண்டால் வேலியேறும் ஒருவன்.

"ஒரே திருட்டுக்கு இரண்டு தடவையா?" என்றேன்.
அரசு தந்த வக்கீல் மிஸ் ஓவிங்ஸ்,
கோப்புகளுக்கு நடுவே பாதி தின்ற பீச் டப்பா,
"எஜமானர்கள் இரண்டு பேர். இருவரும் கணக்குக் கேட்கலாம்.
மாநில வழக்கு என்னுடையது. மற்றதற்கு வேறு வக்கீல்,
அவருக்கும் காசு தரவேண்டாம். அங்கே பரோல் கிடையாது.
அதுவரை வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள்,
காபி வாங்கித் தந்து கேட்டாலும்."

சொன்னேன், ஜெயில் ஃபோனில்.
பதிவாகிறது என்று இயந்திரம் முதலிலேயே சொல்லிவிட்டது.
பதினைந்து நிமிடக் காசுக்கும்
அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனேன்.
அந்தக் கட்டடமே கோட்டின்மேல்தான் நிற்கிறது,
பாதி இங்கே, பாதி அங்கே.
அதன்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.