ரெஜிபோமில் ஒரு பள்ளம்

ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம்
என்று பெட்டியில் போட்டிருந்தது.
எண்ணிப் பார்த்தவள் நான்.
ஏழு.
மிச்சமெல்லாம் அந்த ஏழும் சட்டை மாற்றி வந்ததுதான்:
பதினேழில் தாங்கி பச்சை,
இருபத்துநாலில் அதே தாங்கி மண்ணிறம்,
முப்பத்தொன்றில் கொஞ்சம் வேகம்.
நாலாயிரத்துக்குப் பிறகு யாரும் காணாத ஆட்டமொன்று இருக்கு
என்று கிளறன்ஸ் மச்சான் சொல்லுவான்.
பொத்தானை அழுத்தி அழுத்தி
நகம் வெளுக்கும்வரை போனோம்.
கரண்ட் போய்விடும்.
திரும்ப ஒன்றிலிருந்து.

போன கிழமை பூச்சடிக்க அலுமாரியை நகர்த்தினால்
பின்னுக்கு இருக்கிறது.
பல்லி முட்டை இரண்டு,
எலி அரித்த மூலை,
தேத்தண்ணிச் சாயம் பிடித்ததுபோல் பழுத்த வெள்ளை மேனி.
யாரோ செய்ததைப் பார்த்து யாரோ செய்ததைப் பார்த்து
யாரோ செய்தது.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
என்.சி. வீதியில் மஹ்றூப் நானாவின் கடையில்
அப்பா மூன்று தவணையில் காசு கட்டினார்.

நாலு திருகாணி கழற்றினேன்.
உள்ளே முக்கால்வாசி காற்று.
நெருப்புப்பெட்டி அளவில் ஒரு பலகை,
நடுவில் கறுப்பாய் ஒரு சொட்டுத் தார்.
எங்கள் மூன்று வருடமும் அந்தச் சொட்டுக்குள்.
பிறகு, எதோடும் தொடர்பில்லாமல்
ஓர் இரும்புத் துண்டு.
பாரத்துக்கு.
தூக்கிப் பார்ப்பவன் நம்ப வேண்டுமே.
அப்பாவும் தூக்கித்தான் பார்த்திருப்பார்.

தாரா சுடுவதற்கென்று
ஒரு கறுப்புத் துவக்கும் வந்தது அதோடு.

சுற்றிவளைப்பென்று விடியப்புறம் செய்தி வர
அம்மா வயரை வெட்டி
துவாயில் சுற்றி
துவக்கைக் கிணற்றில் போட்டுவிட்டா.
பெட்டியை மறந்துபோனா.

பெட்டியைத் திறந்த ஆமிக்காரனுக்கு
மீசை சரியாய் வரவில்லை.
ரெஜிபோமில்
துவக்கின் அச்சாய் ஒரு பள்ளம்.
பிடி, விசை, குழல் எல்லாம் தெளிவாய்.
அதற்குள் விரலை விட்டு ஓட்டினான்.
"துவக்குவ கோ?"
மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரு சொல்
இரண்டு பாசைக்கும் பொதுவாய் இருந்தது,
அதுவும் இது.

மச்சானைத்தான் கிணற்றில் இறக்கினார்கள்.
பதினாறு வயது. சாரத்தோடு.
மூன்றாம் முறை மூழ்கி எழும்பும்போது
அது கையில் இருந்தது.
கைகளை மேலே தூக்கு என்றார்கள்.
தூக்கினால் தாழ்கிறான்,
நீந்தினால் கத்துகிறார்கள்.
எவ்வளவு நேரமென்று அம்மாவும் நானும்
இன்றைக்கும் ஒத்துப்போனதில்லை.

பிறகு சிரித்தார்கள்.
திருப்பித் தந்தார்கள்.
விசையை அழுத்த
குழலால் உவர்த்தண்ணி வடிந்தது.

இப்போது அவனுக்குச் சீனக்குடா மா ஆலையில் வேலை.
ஞாயிற்றுக்கிழமை வந்தான்,
மகளையும் ஏற்றிக்கொண்டு.
மூளி வயரை ஈயம் வைத்து நான் ஒட்டியிருந்தேன்.
ரீவிக் கடைப் பெடியன் அதைப் பார்த்துவிட்டு,
"அக்கா, இது குண்டு ரீவிக்குத்தான் வேலை செய்யும்.
தட்டை ரீவியில எத்தினைதரம் சுட்டாலும்
ஒண்டும் விழாது" என்றான்.
மச்சானிடம் சொன்னேன்.
"நல்லது" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

புது ரீவிக்குத் தமிழ் தெரியும்.
வயரைச் செருகியதும்
திரையின் நடுவில், நீலக் கட்டத்துக்குள்:
துவக்கு.
அவன் மகள்தான் வாசித்தாள், எழுத்துக்கூட்டி.
"அப்பா, இதிலயா அமத்துறது?"
அவன் சுவரைப் பார்த்தான்.
ஈரப் பூச்சு.
"ஓம், அமத்து."

தாங்கி வந்தது. பச்சை.
ஒரு மணித்தியாலத்தில் அவள்
இருநூற்றுப்பத்துவரை போய்விட்டாள்,
எல்லாம் ஒண்டுதானே என்று கண்டுபிடிக்கவில்லை இன்னும்.
நாங்களும் சொல்லவில்லை.
"நாலாயிரத்துக்குப் பிறகு..." என்று தொடங்கியவன்
தேத்தண்ணியைக் குடித்தான்.

பெட்டியை மதிலோரம் வைத்தேன், குப்பை வண்டிக்கு.
கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற மான்களில் ஒன்று
மட்டையைக் கடித்து இழுத்துக்கொண்டு நின்றது.
இரண்டு ஒன்பது போய்விட்டது.
ரெஜிபோமை மோந்து பார்த்தது.
விட்டுவிட்டது.