மனித வரிகளை நீக்குதல்

செச்சோவ்லியே உப்பளத்தை நான் பார்த்ததில்லை.
லூப்லியானாவிலிருந்து பேருந்து உண்டு,
போனதில்லை.
எனக்கு அது பதினாறு கோப்புகள்.

த்யாஷாதான் போவாள், ஏப்ரலிலிருந்து.
கேக் வெட்டுவதுபோல் பாத்தித் தரையில்
ஒரு விரற்கடை வெட்டி,
குழாயில் அடைத்து,
பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டுவருவாள்.

அந்தத் தரை தரையில்லை.
நுண்ணுயிர்கள் நெய்த பாய்.
பெத்தோலா என்கிறார்கள்.
அது விரிந்து கிடக்கும்வரை
உப்பு சேற்றைத் தொடாது, வெள்ளையாய் விளையும்.
நேவியோ அதைக் கட்டைச் செருப்போடுதான் மிதிப்பானாம்.
எங்கள் ஆட்களிலேயே
சம்பளம் கேட்காதவை இவை, என்றானாம்.

எனக்கு வந்து சேர்வது எழுத்து.
நாலே எழுத்து.
உயிரெது மெய்யெது என்று
யாரும் பிரித்துத் தரவில்லை.
ஓர் ஊரின் ஏடுகளையெல்லாம் கரையான் தின்று
மிச்சத்தை ஒரே சாக்கில் கட்டியதுபோல்
நாற்பது கோடித் துண்டு.
ஓரம் பொருந்தினால் ஒட்டு,
பொருந்தாவிட்டால் விடு.
மூன்று இரவு கணினி இரைந்தது.
பக்கத்து அறைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாதிக்கு மேல் எந்தப் பட்டியலிலும் இல்லை.
'அறியப்படாதது' என்று எழுதுகிறது மென்பொருள்,
யாரால் என்று எழுதாமல்.

ஒன்றை மட்டும் முழுசாய்க் கோத்தேன்.
ஆர்க்கியா.
நல்ல தண்ணீரில் விட்டால்
வெடித்துச் சாகும் இனம்.
அதன் மரபணுத்தொகையில் ஓரிடத்தில்
ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது,
பல்லவி மாதிரி.
பல்லவிக்கும் பல்லவிக்கும் நடுவே
முப்பத்தாறே எழுத்தில் ஒவ்வொரு வைரஸ்.
அடிக்க வந்தவனின் சட்டையைக் கிழித்து
வைத்துக்கொண்டிருக்கிறது.
புதியது முன்னால், பழையது வாலில்,
நாற்பத்தொரு கிழிசல்.
முப்பத்தெட்டுக்கு ஆள் தெரியவில்லை.
மூன்று பேர் அதே பாத்தியில்
இன்னும் திரிகிறார்கள்,
ஓரெழுத்துப் பாடபேதத்தோடு.
அந்த ஓரெழுத்து போதும்,
காவல் ஏமாற.

இன்னோரிடத்தில்
நாற்பதாயிரம் எழுத்துக்கு நடையே வேறு.
இடைச்செருகல்.
கொல்ல வந்த வைரஸ் கொல்லாமல் தங்கிவிட்டது.
பிரித்தெடுக்கலாமென்று பார்த்தால்
இரண்டு முனையிலும் ஒரே தையல்.
வீட்டுக்காரனுடையதா வந்தவனுடையதா,
தெரியவில்லை.

ஒன்பதாம் கோப்புக்கு வந்தேன்.
முதலில் செய்யவேண்டியதைக்
கடைசிக்குத் தள்ளியிருந்தேன்:
மனித வரிகளை நீக்குதல்.
எல்லாக் கோப்பிலும் கொஞ்சம் இருக்கும்.
ஒரு தும்மல், ஒரு முடி, கையுறையில் ஓட்டை.
ஒன்பதில் நூறு மடங்கு.

த்யாஷா யோசித்துச் சொன்னாள்.
அன்று நேவியோவின் செருப்பு வார் அறுந்தது.
கால் பிசகி, உப்பின் கூர் கிழித்து,
குதிகாலில் ரத்தம்.
இரண்டு வசவு,
ஒன்று இத்தாலியனில், ஒன்று ஸ்லோவேனியனில்.
பிறகு குனிந்தான்.
காலைப் பார்க்கத்தான் என்று நினைத்தாளாம்.
அவன் பெத்தோலாவின் கிழிசலை
உள்ளங்கையால்
அழுத்திக்கொண்டிருந்தான்.

நீக்கத்தான் வேண்டும்.
கேட்காமல் ஒருவனைப் படிக்கக் கூடாது.
படிக்கவில்லை.
எத்தனை வரி என்று மட்டும் பார்த்தேன்.
பன்னிரண்டு லட்சம்.
விசையைத் தட்டினேன்.
ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மிச்சத்தைத் திரும்ப அடுக்கியபோது
உப்புக்கு அன்னியமான ஒன்று அகப்பட்டது.
மனிதத் தோலில் குடியிருக்கும் பாக்டீரியா.
அதை அவனென்று வடிகட்டி எண்ணவில்லை,
விட்டுவிட்டது.

பத்தாம் கோப்பு
பதினைந்து நாள் கழித்து வெட்டியது.
அதிலும் இருக்கிறது, அருகலாய்,
ஆர்க்கியாக்களுக்கு நடுவே,
வாடகைக்கு வந்தவன்போல்.
பதினொன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமைப் பேருந்து
எட்டேகாலுக்கு என்கிறாள் த்யாஷா.
செருப்பளவு கேட்கிறாள்.