இலை மடிப்பு

உசிலம்பட்டி பஸ்ஸில்
விரல்களை மோந்து பார்த்துக்கொண்டே போனேன்.
அகார் வாடை. சோப்புக்குப் போகாது.

காசிமாயனை நேரில் பார்த்ததில்லை.
பெரியாஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த
ஒரு குழாய்தான் அவர் எனக்கு.
மூடியில் நான் எழுதியது: கே-41.
கிணறு வெட்டும்போது காலில் பாறை உருண்டு
புண்ணுக்குள் கிளெப்சியெல்லா.
இரண்டு தட்டில் பதினான்கு மருந்து வில்லைகள் வைத்தேன்.
விடிந்தபோது
வில்லையின் விளிம்பு வரைக்கும் வளர்ந்திருந்தது,
மைல்கல்லை மூடிய கருவேலம்போல.

பதினெட்டாம் நாள் அவர் இறந்துபோனார்.
குழாய் சாகவில்லை.

கருமாதிப் பந்தியில் உட்கார வைத்தார்கள்.
சாப்பிட்டு இலையை என் பக்கமாக மடிக்கப் போனேன்.
"துக்கவீடும்மா, அந்தப் பக்கமா"
என்றார் பக்கத்து ஆள்.
எதிர் வரிசையில் ஒருவர் மடித்தார்.
ரசவாளிப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
அவரைத் தாண்டிப் போனான்.

அங்கேதான் புரிந்தது என்றால் பொய்.
மூன்று வருஷமாய்த் தெரியும்.
சொல்லத்தான் ஓர் இலை கிடைக்காமல் இருந்தது.

கிருமிக்குள் ஓர் ஆர்என்ஏ நாடா.
அதில் சத்து சமைக்கிற குறிப்பு.
குறிப்புக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம்
(வெற்றிடம் என்றுதான் கல்லூரியில் படித்தோம்).
அந்த வெற்றிடத்துக்கு நாக்கு உண்டு.
வைட்டமின் மாத்திரை போட்ட மறுநாள்
சிறுநீரில் இறங்குமே ஒரு மஞ்சள்,
அது வந்து ஒட்டினால்
போதுமென்று தானே மடிந்துகொள்ளும்.
சொல்லித்தர ஒரு புரதம்கூட வேண்டாம்.
பரிமாற வந்தது தாண்டிப் போகும்.

நான் செய்வது
அந்த மஞ்சளின் சாயலில் ஒரு சிவப்பு.
ஒட்டும்.
இலை மடியும்.
ஒரு பருக்கை உள்ளே போகாமலே.
வறுமைப்பட்ட வீட்டில்
வயிறு நிறைஞ்சிருச்சு என்று எழுந்துவிடுகிற
விருந்தாளியின் பசி அது,
தெரியாமல் பட்டால் எப்படியோ அப்படி.

போன வியாழன் ராத்திரி நாகமலையில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்க,
கே-41 முதன்முதலாகப் பின்வாங்கியது.
வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம்.
பதினேழு மில்லிமீட்டர்.
ஸ்கேலை மூன்று தடவை வைத்தேன்.
ஜெபராணியை எழுப்பிக் கூட்டிவந்தேன்.
தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"வட்டத்துக்குள்ள பாருங்கக்கா."
கடுகு அளவில் இரண்டு.
எங்கோ ஓர் எழுத்து மாறிப்போய்
மடிய மறந்த இரண்டு.

கை கழுவும்போது விருமாயி வந்தார்.
தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:
"அந்தக் கிருமி செத்துருச்சா தாயி?"
இல்லை என்றேன். ஐஸில் இருக்கிறது என்றேன்.
மைனஸ் எண்பது என்று எதற்கோ சேர்த்துச் சொன்னேன்.
"அப்ப அவரு கால்ல இருந்தது
இன்னும் உசுரோடதான் இருக்கு."
கோபமா, வேறெதுவுமா,
செம்பில் தண்ணீர் தீரும்வரை தெரியவில்லை.

மகள் நம்பரைக் கொடுத்தார்.
"சாகடிச்சா ஒரு போன் போடு."

வட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.
கடுகைப் பற்றிச் சொல்லவில்லை.

செக்கானூரணியில் பஸ் அரைமணி நேரம் நின்றது.
காலையில் அந்த இரண்டையும் தனித்தனியே வளர்த்து
எந்த எழுத்து என்று பார்க்கவேண்டும்.
புதுக் குழாய் எடுத்தால்
மூடியில் என்ன எழுதுவது?