போகாத எண்

ஞாயிற்றுக்கிழமை.
பர்கூர் ரோட்டுக் கிரானைட் பட்டறைகள்
வாயை மூடிக் கிடந்தன.
அறைத் தரையில் பழைய போர்வையை விரித்து
பேஸ் கிட்டாரை மல்லாத்தினேன்.
கழுத்துக்கு அடியில் சுருட்டிய துண்டு,
சலூன் நாற்காலியில் சாய்ந்தவருக்கு வைப்பதுபோல.
நான்கு கம்பிகளையும் தளர்த்தினேன்.
ஒருமுறை முனகியது, அவ்வளவுதான்.

ஆறு நாளும் எனக்குக் கல்லோடு வேலை.
கரடாக வரும் பலகையை
ஐம்பதாம் நம்பரில் தொடங்கி மூவாயிரம் வரை
தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்து
சூப்பர்வைசர் குனிந்து மீசை ஒதுக்கும் அளவுக்குக்
கொண்டுவந்து நிறுத்துகிற கை இது.
இன்றைக்கு இந்தக் கையை நம்பாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
கல்லில் பிசகினால் இன்னும் ஒரு நூல் தேய்க்கலாம்.
இதன் மேல்பூச்சு மாம்பழத் தோலைவிட மெல்லிசு.
அடியில் சாயம்,
சாயத்துக்கு அடியில் மரம்,
அதற்கும் அடியில் என்னுடைய ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

பர்வீன் கட்டிலில் படுத்தபடி யோசனை சொன்னாள்.
தேங்காயெண்ணெய்?
வேண்டாம், தூசி வந்து குடியேறும்.
பைக் பாலிஷ்?
அதில் சிலிக்கான் இருக்கும், ஒருமுறை ஊறினால்
பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது.
நெயில் பாலிஷ் ரிமூவர்?
உன் நகத்தில் எதை எடுக்கிறதோ
அதையேதான் இதிலும் எடுக்கும்.
"அப்போ ஒண்ணும் போடாதே" என்று
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
ஏறக்குறைய அதுதான் சரி.

மேக்கப் பிரஷால் தூசியைத் தட்டினேன்.
துணி அதற்குப் பிறகுதான்,
மணல்துகள் ஒன்று துணிக்குள் மாட்டினால்
பட்டறையில் என்ன செய்யும் என்று தெரியும்.
நனைத்து, பிழிந்து, மறுபடி பிழிந்த துணி.
காவேரிப்பட்டணம் கல்யாணத்தில் தெறித்த ரோஸ்மில்க்
நான்காவது துடைப்பில் விட்டது.
வியர்வை படிந்த விளிம்பில்
வாயால் ஆவி ஊதித் துடைத்தேன்.
முதுகுப்பக்கம் வட்ட வட்டமாகப்
பெல்ட் பக்கிள் கீறல்கள்.
அவை திம்மராயனுடையவை.
நான் பெல்ட் போடுவதில்லை.
என் கீறல், துப்பட்டா ஊக்கு போட்டது,
மேலே, தோள் பக்கம், ஒன்றே ஒன்று.

பிறகு அந்த ரேடியம் ஸ்டிக்கர்.
புக்கிங்குக்குத் தொடர்புகொள்ள,
பத்து எண்கள், மஞ்சளில், மார்புக்கு நேராக.
ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச்
சூடு உறைக்காமல் காட்டி
விரல்சதையால் உருட்டி உருட்டி எடுத்தேன்.
பசை நின்றது.
ஜன்னலைத் திறந்தேன். கொசுவத்தியை அணைத்தேன்.
பின்மூடிக்குள், யார் கண்ணும் படாத இடத்தில்
லைட்டர் பெட்ரோல் ஒரு துளி.
ஐந்து நிமிடம். மங்கவில்லை, பிசுபிசுக்கவில்லை.
அப்புறம்தான் முன்பக்கம் வந்தேன்.

பசை போனது.
எண் போகவில்லை.
எத்தனை வருட மேடை வெயிலோ
சிவப்பு முழுக்க வெளுத்து
ஸ்டிக்கர் மறைத்த இடம் மட்டும்
கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில்
பத்து எண்ணாக நின்றது.
முன்பைவிடத் தெளிவாக.
என் கை ஐந்நூறாம் நம்பர் தாளை நினைத்தது.
தேய்த்தால் போவது எண் அல்ல,
பூச்சு.
கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

பர்வீன் எழுந்து வந்து பார்த்தாள்.
ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து
போனில் அழுத்தி
என் காதில் வைத்துவிட்டாள், பாவி.

பெங்களூரு ஹாரன் சத்தம் முதலில் வந்தது.
"சொல்லுங்க மேடம், முகூர்த்தம் என்னைக்கு?"
கார் ஓட்டப் போய் மூன்று வருடம்,
கேள்வி மாறவில்லை.
"நம்பர் போகமாட்டேங்குதுண்ணா" என்றேன்.
"எந்த நம்பரு?"
சொன்னேன்.
சிக்னல் விழுந்திருக்க வேண்டும், எல்லாம் அடங்கியது.
"மூணாவது சாவி லூசு," என்றார்,
"ரெண்டு சுத்து கூடவே வையுங்க."
சிக்னல் மாறிவிட்டது.

கம்பிகளை ஏற்றினேன்.
கையில் பெட்ரோல் வாசனை, சோற்றிலும் இருக்கும்.
மூன்றாவது சாவிக்கு ரெண்டு சுற்று.
இல்லை, இன்னும் ஒரு கால் சுற்று.