ஒற்று

மேலாளர் குணபாலன் ஓய்வு பெற்றபோது
வாழ்த்து மடல் எழுதும் வேலை எனக்கு வந்தது.
வருகைப் பதிவேட்டில் பிழையில்லாமல் எழுதுகிறவள்
என்பதுதான் தகுதி.

கருப்பூருக்கு இந்தப் பக்கம் எங்கள் மேக்னசைட் சுரங்கம்.
அங்கே காக்கைகூடக் கொஞ்சம் வெளிறித்தான் பறக்கும்.
இது உயர்வு நவிற்சி.
அடுத்தது அப்படி இல்லை:
தூக்குப் போசியைத் திறந்தால்
சோற்றின் மேல் இன்னொரு வெள்ளை.

ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன்.
"வெள்ளை மனத்தவரே" என்று தொடங்கினேன்,
எங்களை வெளுத்தவரே என்று எழுத முடியாததால்.
"காலத்தைப் பொன்னாகக் கருதியவரே."
ஆறு நிமிடம் பிந்திய பாவாயிக்கு
அரைநாள் கூலி போனது.
அந்தப் பொன் யாருடையது என்று மடலில் இல்லை.
"வாயிலில் நின்று எங்களை காத்தவரே."
சிறைக்கும் அதே வினைச்சொல்தான்.
கடைசி வரி,
"என்றும் எங்கள் நெஞ்சைவிட்டு நீங்காதவரே."

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தில்
எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்துக் கொடுத்தார்கள்,
ரோஸ் தாளில், ஓரத்தில் மயில் வைத்து.

தட்டுவடை செட்டும் டீயும் முடிந்து
நான் வாசிக்க வாசிக்கப்
பின்வரிசையில் தோள்கள் குலுங்கின.
நெஞ்சு என்ற இடத்தில்
இருசப்பன் மட்டும் சிரிக்கவில்லை, இருமினார்.
அவருக்கு அது அணி இல்லை.
எக்ஸ்ரே.

குணபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.
இரண்டாம் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.
ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலையை
மேகம் மூடிக்கொண்டிருந்தது.
"உங்கள் பிரிவு தாளாமல்
மலையே முகத்தைப் பொத்திக்கொண்டது" என்று
வாயில் வந்ததைச் சேர்த்துவிட்டேன்.
மழை வரப்போகிறது என்பதுதான் சங்கதி.
வந்தது.

பதினோரு வருடம் கழித்து
அஸ்தம்பட்டிக்குத் துக்கம் கேட்கப் போனேன்.
கூடத்தில் அவர் படத்துக்குப் பக்கத்தில்
சட்டம் போட்டு, என் மடல்.
வருகிறவர்களுக்கெல்லாம்
மகள் தமயந்தி வாசித்துக் காட்டினாள்.
அவள் குரலில் எந்தச் சொல்லுக்கும் முதுகுப்புறம் இல்லை.
காலம் பொன்னாயிற்று, மனம் வெள்ளையாயிற்று.
சுரங்கத்தில் இப்போது வேலை பார்க்கிற பையன்கள்
"இப்படியும் ஒரு ஆளா" என்று தலையாட்டினார்கள்.

பொய்யால் குத்தியவள் நான்.
குத்து ஆறிவிட்டது. பொய் நிற்கிறது.
இருசப்பன் இருந்திருந்தால் இருமியிருப்பார்.
பாவாயி எந்த ஊரிலோ.
கூடச் சிரித்தவர்கள் கலைந்துபோனால்
வஞ்சப் புகழ்ச்சியில்
முதலில் கழன்று விழுவது வஞ்சம்தான் போல.

கிட்டே போய்ப் பார்த்தேன்.
"எங்களை" முடிந்து "காத்தவரே" தொடங்குவதற்குள்
பென்சிலால் ஒரு சின்னக் கூரை.
கூரை மேல்
க்.

என் பிழை. ஒற்றை விட்டிருக்கிறேன்.
பதிவேட்டில் என்றால் சம்பளத்தில் பிடித்திருப்பார்.
அந்த ஒரு புள்ளியை வைப்பதற்கு
அந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்?
ஒற்று மட்டும்தான் கண்ணில் பட்டதா,
எல்லாம் பட்டு
இது ஒன்றைத் திருத்தினால் போதும் என்றிருந்தாரா?
ஒற்று என்றால்
வேவு என்றும் பொருள்.

தமயந்தி டீ கொண்டுவந்தாள்.
"அப்பா இதை அடிக்கடி படிப்பார்.
படிக்கிறபோதெல்லாம் சிரிப்பார்."

எந்தச் சிரிப்பு என்று கேட்க
நாக்கு நுனி வரை வந்தது.
டீயோடு விழுங்கினேன்.

வெளியே சேர்வராயன் பளிச்சென்று தெரிந்தது.
மேகம் இல்லை. மலை, வெறும் மலையாக.
நானும் அதன் மேல் எதையும் ஏற்றவில்லை.
பேருந்து ஆறு நிமிடம் பிந்தி வந்தது.